கிமொண்டோவின் முதல் சத்தம்

போனில் இயர்போன் செருகும் ஓட்டையை அடைத்த மகராசன் எவனோ, அவன் வீட்டுக் கல்யாணத்தில் ஸ்பீக்கர் ஊளையிடட்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தச் சாபத்தைக் கொடுத்துவிடுவேன். நன்றாக இருந்த ஓட்டை. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத ஓட்டை. அதை அடைத்துவிட்டு, கட்டைவிரல் நீளத்தில் ஓர் இணைப்பு வாலைத் தனியாக விற்கிறார்கள். இதுவரை ஒன்பது வால் வாங்கி எட்டைத் தொலைத்திருக்கிறேன். ஒன்பதாவது ஆட ஆரம்பித்திருந்தது. அந்த ஆட்டத்தால் வந்ததுதான் இவ்வளவும்.

என் பெயர் அகேயோ. நைரோபியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். ‘நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், மறக்காதீர்கள்’ என்று நோயாளிகளுக்குச் செய்தி அனுப்புமே, அந்த மென்பொருள். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் உயிர் இருப்பது ஸ்பீக்கரில். பெங்கா பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி பாடகருக்கு, மறுபாதி கிட்டாருக்கு. பாடகர் சொல்ல வேண்டியதைச் சொல்லி ஓய்ந்ததும் கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கும். அந்த இடம் வருவதற்குள் பாட்டை மாற்றுகிறவர்களோடு நான் சேர்ந்து சாப்பிடுவதுகூட இல்லை.

எங்கள் டீமில் பதினோரு பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பைத்தியம். ஜெலகாட்டின் கீபோர்டு, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் சத்தம் போடும். அதைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டுவதுதான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை. பாஸ் ஒமாரிபாவுக்கு ஒரே பைத்தியம், அமைதி. காலைக் கூட்டம் போனிலோ கம்ப்யூட்டரிலோ நடக்கும்போது, பேசாதவர்கள் எல்லோரும் மைக்கை ம்யூட்டில் போட்டிருக்க வேண்டும். மறந்து திறந்து வைத்தவர் திங்கட்கிழமை எல்லோருக்கும் மண்டாசிப் பலகாரம் வாங்கி வர வேண்டும். ஏலக்காய் மணக்க, சூடு ஆறாமல், ஆளுக்கு இரண்டு. ஜெலகாட்டின் கீபோர்டு புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டோம்.

நான் மட்டும் இரண்டு வருஷத்தில் ஒரு மண்டாசிகூட வாங்கித் தந்ததில்லை. வாயைத் திறந்தால்தானே? என் முறை வந்தால் மைக்கைத் திறப்பேன், “தடங்கல் ஒண்ணும் இல்ல” என்பேன், மூடிவிடுவேன். பெட்டியைப் பற்றி அவர்களிடம் மூச்சு விட்டதில்லை. கிண்டல் செய்வார்களோ என்ற பயம். அதைவிட, ‘அப்படியா, நல்லது’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்களோ என்ற பயம் பெரிது.

பெட்டி என்று சொன்னேன் அல்லவா. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். ரோங்காய் தடத்தில் ஓடும் மட்டாட்டு என்கிற தனியார் பஸ் ஒன்றில் முப்பத்து மூன்று இருக்கை, பதினாறு ஸ்பீக்கர், நான்கு திரை, மேற்கூரை முழுக்க விளக்கு. இத்தனை இருந்தும் பாட்டில் ஒரு வார்த்தை விளங்காது. வண்டி காலியாக இருந்தால் தகரம் அதிரும். ஆள் ஏறினால் எல்லாம் அமுங்கிப்போகும். மனித உடம்பு சத்தத்தைக் குடிக்கும். குளிருக்குக் கோட்டு போட்டவர் கொஞ்சம் கூடவே குடிப்பார். கல்லூரி நாளிலிருந்து தினமும் அந்த இருக்கைகளில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இதை எப்படிச் சரிசெய்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பெட்டியோடு ஒரு சின்ன மைக் உண்டு. ஓட்டுநர் தலைக்கு மேலே அதை ஒட்டிவிட வேண்டும். வண்டிக்குள் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று அது பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆள் ஏற ஏற, இறங்க இறங்க, பெட்டி சத்தத்தை மாற்றிக்கொண்டே வரும். ஐந்து பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் காதுக்கு ஒரே மாதிரி விழும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒரே தகரத்துக்குள் அடைத்துப் பாருங்கள், தெரியும். நாய் அழுவதுபோல் ஊளையிடும். அந்த ஊளையை அடக்குவதற்கு மட்டும் எட்டு மாதம், எட்டு மாதத்தின் எல்லாச் சனிக்கிழமைகளும் போயின.

சோதனை செய்கிற நாட்களில் இன்னொரு தொல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் போன் எல்லாம் ப்ளூடூத்தில் வந்து பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். நான் கிட்டாரைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவருடைய ஞாயிறு பிரசங்கம் உள்ளே நுழையும். எரிச்சலில் ஒரு வரி எழுதினேன்: அகேயோவின் போன் எதையாவது அனுப்பினால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் கேள். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன், ‘பிறகு எடுத்துவிடவும்’ என்று. இந்தத் தொழிலில் அப்படிக் குறிப்பு எழுதி வைத்த எந்த வரியையும் எவரும் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

பெட்டியை மாட்டிப் பார்க்கச் சம்மதித்தவர் ந்யாகியோ. மூன்று மட்டாட்டுகளுக்குச் சொந்தக்காரர். நாலாவதாகக் கட்டிய வண்டிதான் கிமொண்டோ. எரிநட்சத்திரம் என்று பொருள். குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்கவைக்கும் அம்மா அவர்.

“இங்க பாரு பொண்ணே, வண்டி காலியா இருக்கும்போதும் ரொம்பி வழியும்போதும் ஒரே மாதிரி கேக்கும்னு சொன்ன. அத வெளியீட்டு அன்னிக்கு எல்லாரும் பாக்க நிரூபி. கேட்டுச்சுன்னா பெட்டி வண்டியோட இருக்கும். இல்லேன்னா அங்கயே கழட்டிடுவேன். லுதூலி தெரு ஸ்பீக்கர் கடை ஆள வேற ஆம்ப்ளிஃபயரோட நிக்கச் சொல்லியிருக்கேன். அப்புறம் எங்கிட்ட வந்து கண்ணக் கசக்கக் கூடாது” என்றார்.

“கசக்க மாட்டேம்மா” என்றேன். அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் செய்த ஒன்றை என்னைத் தவிர இன்னொரு மனிதர் கேட்கப் போகிறார் என்பதே முதல் முறை.

புது வண்டியின் வெளியீடு என்றால் சும்மா இல்லை. தடம் தடமாக ரசிகர்கள் கேமராவோடு வந்து நிற்பார்கள். போர்த்திய துணியை உருவியதும் வண்டியிலிருந்து வரும் முதல் சத்தம்தான் அதன் ஜாதகம். என்ன பாட்டு என்பது பரம ரகசியம். ‘அந்த வண்டியா? முதல் பாட்டே சொதப்பல்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பெயிண்ட் உதிரும்வரை அதுதான் பேச்சு. கிமொண்டோவின் முதல் பாட்டை ஒரு பென்டிரைவில் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான் கண்டக்டர் ஞூகி. ஞூகி என்றால் தேனீ. ஓடும் வண்டியின் கதவில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டே நாலு பேருக்கு டிக்கெட் கொடுப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, உமோஜாவில், வண்டி கட்டிய பட்டறைக்கு முன்னால் வெளியீடு. வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனியில் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்வோம். பத்து மணிக் கூட்டத்தை முடித்துவிட்டுப் பறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒன்பதரைக்கு ஒமாரிபாவிடமிருந்து செய்தி வந்தது: இன்றைய கூட்டம் பதினொன்றுக்கு.

லீவு கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பார். அதற்குப் பதில் சொல்வதைவிட, கூட்டத்தை இயர்போனில் கேட்டுக்கொண்டே வெளியீட்டில் நிற்பது எளிது என்று தோன்றியது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

எழுநூறு பேராவது இருப்பார்கள். வெயிலில் கறுப்புத் துணி போர்த்தி நின்றது கிமொண்டோ. ந்யாகியோ அம்மா அறுபது அடி தள்ளி, சோடாக் கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லுதூலி ஆள் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு கதவருகே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். காதில் ஜெலகாட் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே ஜனங்கள் பத்திலிருந்து கீழாக எண்ண ஆரம்பித்தார்கள்.

“அகேயோ, உன் முறை” என்றார் காதுக்குள் ஒமாரிபா.

எட்டு, ஏழு. ம்யூட்டை எடுத்தேன். மூன்றே வார்த்தை. சொல்லிவிட்டு மூடிவிடலாம். போனின் அடியை வாயோடு அணைத்துக்கொண்டு மூச்சை இழுத்தேன். மூன்று, இரண்டு. துணியை உருவினார்கள். கூட்டம் முன்னால் பாய்ந்தது. யாருடைய முழங்கையோ என்மேல் பட்டது. ஒன்பதாவது வால் பிடுங்கிக்கொண்டு போனது. போனும் கையிலிருந்து வழுக்கி, எழுநூறு பேர் கால்களுக்கு நடுவே எங்கோ விழுந்தது.

இயர்போன் போனதும் என் போன் என்ன செய்யும்? பக்கத்தில் பழகிய கருவி ஏதாவது இருக்கிறதா என்று தேடும். என் பெட்டி என்ன செய்யும்? அகேயோவின் போன் வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஞூகி முதல் பாட்டுக்குப் பட்டனை அழுத்திய அதே நொடியில் இரண்டும் அதனதன் கடமையைச் செய்தன. கூட்டத்து அழைப்புக்கு இனிமேல் ஸ்பீக்கரும் மைக்கும் என் பெட்டியுடையதுதான்.

கிமொண்டோவின் பதினாறு ஸ்பீக்கரிலிருந்தும் முதல் சத்தம் வந்தது.

“அகேயோ, கேக்குதா?”

எழுநூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். “கேக்குது!”

“யாரது?” என்றார் ஒமாரிபா. “அகேயோ, வீட்ல விருந்தாளி வந்திருக்காங்களா?”

சிரிப்பு வெடித்தது. கேமராக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லை. போனைத் தேடிக் குனிந்தால் செருப்புகள்தான் தெரிந்தன. வண்டிக்குள் ஞூகி பட்டனைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்துவிட்டு, தலைக்கு மேலே இருந்த மைக்கைப் பார்த்துப் பேசவே ஆரம்பித்துவிட்டான்.

“பாஸ், விருந்தாளி ஒரு எழுநூறு பேரு இருக்கோம். டீ பத்தாது!”

“நீ யாரு?”

“நான் ஞூகி, கண்டக்டர். நீங்க யாரு பாஸ், டிக்கெட் இல்லாம எங்க வண்டிக்குள்ள?”

சோடாக் கடையிலிருந்து ந்யாகியோ அம்மா எழுந்தார். கையை மட்டும் உயர்த்தி, லுதூலி ஆளைப் பார்த்து, திருகாணியைத் திருப்புவதுபோல் ஒரு சைகை செய்தார். கழட்டு. அவன் ஸ்க்ரூடிரைவரை உருவிக்கொண்டு படியேறினான்.

நான் ஓடினேன். அவனை முந்திக்கொண்டு வண்டிக்குள் பாய்ந்து, இரண்டு கையையும் விரித்துப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தலைக்கு மேலே மைக். சுற்றிலும் பதினாறு ஸ்பீக்கர். ஞூகி காட்டுக்கத்தல் கத்துகிறான். ஊளை இல்லை! எட்டு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்திய அந்த ஊளை எங்கே? துளிகூட இல்லை! மானம் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தும்விட்டேன். லுதூலி ஆள் பயந்து ஒரு படி கீழே இறங்கினான்.

“நகரு, கழட்டச் சொல்லியிருக்காங்க” என்றான்.

“ஒரே நிமிஷம்ணே. ஊளையிடல, கேட்டீங்களா? ஊளையிடல!”

“என்ன ஊளையிடல?” என்றார் ஒமாரிபா, பதினாறு ஸ்பீக்கரிலும். “அகேயோ, நீதானா அது? இப்ப எங்க இருக்க நீ?”

கூட்டம் சட்டென்று அடங்கியது. வேடிக்கை பார்ப்பதற்காக ஜனங்கள் இரண்டு கதவு வழியாகவும் வண்டிக்குள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். இருக்கைகள் நிரம்பி, நடைபாதை நிரம்பி, என் முதுகில் யாரோ இடித்தார்கள். எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ஒமாரிபா டீயை ஒரு மிடறு உறிஞ்சுவது கேட்டது.

“பாஸ், நான் வீட்ல இல்ல” என்றேன் மைக்கைப் பார்த்து. “உமோஜாவுல, ஒரு மட்டாட்டுக்குள்ள நிக்கறேன். மன்னிச்சுக்கங்க. நான் ஒரு பெட்டி செஞ்சிருக்கேன். வண்டியில கூட்டம் ஏறினாலும் எறங்கினாலும் பாட்டு ஒரே மாதிரி கேக்க வைக்கிற பெட்டி. ரெண்டு வருஷமா செய்யறேன். இன்னிக்குத்தான் அதுக்குப் பரீட்சை. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன். இப்ப எல்லாரும் சிரிக்கறாங்க, அதனால பரவால்ல.”

“யம்மா!” என்று ஜெலகாட்டின் குரல் பாய்ந்து வந்தது. பின்னாலேயே ஆலங்கட்டி மழை. “இவளுக்கு இவ்ளோ பேச வருமா? ரெண்டு வருஷமா பக்கத்து சீட்டுல ஊமை ஒக்காந்திருக்குன்னுல்ல நெனச்சேன்!”

“அக்கா, மழை பெய்யுது, கொடைய விரிங்க!” என்று பின் இருக்கையிலிருந்து ஒருத்தன் கத்தினான். அந்த நேரம் பார்த்து ஒமாரிபா வீட்டுக் கொல்லையில் ஒரு சேவல் கூவியது. கூடவே இருபது பேர் கூவினார்கள்.

“பாஸ், அந்தச் சேவல எங்களுக்கு விருந்து வைங்க!”

“முட்டையிடற கோழிங்களுக்கு அதுதான் காவல், தர முடியாது” என்றார் ஒமாரிபா. மனிதருக்குச் சிரிக்கவும் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் நான் அவரோடு சேர்ந்து சிரிக்கும் நிலையில் இல்லை. நெரிசலைப் பிளந்துகொண்டு ந்யாகியோ அம்மா ஏறி வந்துவிட்டார். லுதூலி ஆள் என்னைத் தள்ளிவிட்டுப் பெட்டியின் வயரில் கை வைத்தான். வாய்ப்பு ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. கண்ணைக் கசக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் மேலே விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நில்லு” என்றார் ந்யாகியோ அம்மா.

அவன் கை அப்படியே நின்றது.

“இந்த ஆளு மொதல்ல பேசினப்ப வண்டியில ஞூகியத் தவிர ஆள் இல்ல. நான் சோடாக் கடையில இருந்தேன். ஒரு எழுத்து செதறாம கேட்டுச்சு. டீ உறிஞ்சினாரே, அது நான் பாதி வழி வந்தப்ப கேட்டுச்சு. இப்ப வண்டியில எத்தன பேரு ஞூகி?”

ஞூகி எட்டிப் பார்த்தான். “அறுபது இருக்கும்மா. கூரை மேல எத்தன பேருன்னு தெரியல.”

“அறுபது பேரு இருக்காங்க. இப்பவும் அதே கொரல்தான். தகரம் அதிரல, அமுங்கவும் இல்ல.” மைக்கை அண்ணாந்து பார்த்தார். “ஐயா, இன்னொரு தடவ பேசுங்க.”

“என்ன பேசணும்மா?” என்றார் ஒமாரிபா, தயங்கிக்கொண்டே.

ந்யாகியோ அம்மா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு லுதூலி ஆளின் கையை வயரிலிருந்து எடுத்துவிட்டார். “பெட்டி இருக்கட்டும். ஸ்பீக்கர்ல பேசற ஆள மட்டும் கழட்டு.”

நான் கத்திய கத்தல் அந்த மைக்கில் எப்படி விழுந்ததோ, டீம் ஆட்கள்தான் சொல்ல வேண்டும். ஞூகி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். லுதூலி ஆள்கூட ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, “அந்த ஊளைய எப்படிம்மா நிறுத்தின? எனக்கும் சொல்லு” என்றான்.

என் போன் ஒரு வழியாகக் கிடைத்தது. அவித்த முட்டை விற்கிற பெண் ஒருத்தி கண்டெடுத்து, தலைகளுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி அனுப்பி, ஜன்னல் வழியாக என் கைக்கு வந்தது. திரை சிலந்தி வலைபோல் விரிசல் விட்டிருந்தது. அழைப்பு மட்டும் துண்டிக்கப்படவே இல்லை.

ப்ளூடூத்தை அணைத்தேன். ஸ்பீக்கர்கள் ஓய்ந்தன. ஒமாரிபா என் உள்ளங்கைக்குள் சின்னவராகிப் போனார். வெளியே ஜனங்கள் மறுபடி பத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். இந்த முறை சரியான முதல் பாட்டு. பெங்காதான். எந்தப் பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன், ரகசியம் ரகசியம்தான். கிட்டார்கள் துரத்துகிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கும்படி நானும் ஞூகியும் வெட்டி வைத்திருந்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஐந்து, நான்கு. அழைப்பைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இவ்வளவு இரைச்சலோடு மைக்கைத் திறந்து வைத்திருந்தால் மண்டாசி ஆயிற்றே. இரண்டு வருஷப் பழக்கம், கட்டைவிரல் தானாகவே ம்யூட்டுக்குப் போனது.

“அகேயோ” என்றார் ஒமாரிபா அவசரமாக. “திங்கக்கிழமை மண்டாசி நான் வாங்கிட்டு வரேன். அத மட்டும் மூடிடாத. நாங்க பத்துப் பேரும் இங்கதான் இருக்கோம்.”

போனை உயர்த்திப் பிடித்தேன். ஞூகி பட்டனை அழுத்தினான்.